ஒரே தலைவலிக்கு இருவர் இரு இடங்களில் ஊசி வைப்பது ஏன்?

வாசகர் கேள்வி: எனக்கு வயது 46. சில ஆண்டுகளாகத் தலையின் வலப்பக்கம் மட்டும் விட்டுவிட்டு வலிக்கிறது. வலி வரும்போது குமட்டலும் சேர்ந்துகொள்ளும். மருத்துவர் பரிசோதித்து, ஒற்றைத் தலைவலி என்று உறுதி செய்தார். வலி மாத்திரைகளைக் குறைக்க விரும்பி அக்குபங்சர் சிகிச்சைக்குச் சென்றேன். முதலாமவர் பிடரியிலும் நெற்றிப்பொட்டைச் சுற்றியும் தோளிலுமாகப் பதினான்கு ஊசிகள் வைத்தார். பிறகு வேறொருவரிடம் செல்ல நேர்ந்தது. அவர் தலையைத் தொடவே இல்லை. கையிலும் பாதத்திலும் ஐந்தே ஊசிகளை வைத்து முடித்துக்கொண்டார். இருவரிடமும் ஓரளவு குணம் தெரிந்தது. ஊசி வைக்கும் இடத்தை நீங்கள் எப்படித்தான் முடிவு செய்கிறீர்கள்? இருவரில் ஒருவர் தவறு செய்கிறாரா? இன்னொன்று: இதயத் துடிப்புச் சீராக இல்லாததால் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். இருவருமே அதைப் பற்றிக் கேட்கவில்லை. அதையெல்லாம் சொல்ல வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், புள்ளிகளைத் தேர்ந்ததில் இருவருமே தவறு செய்யவில்லை. ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில் நீங்கள் குறிப்பிட்ட மாத்திரை விஷயத்தில் இருவருமே தவறியிருக்கிறார்கள். பதினான்கு ஊசியா ஐந்து ஊசியா என்பதைவிட அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

புள்ளியைத் தேர்வது என்பது ‘இந்த நோய்க்கு இந்தப் புள்ளி’ என்று அட்டவணையைப் பார்த்து எடுப்பது அன்று. அப்படிப்பட்ட அட்டவணைகள் ஏராளமாக இருக்கின்றன. படிக்கும் காலத்தில் நானும் அவற்றை மனப்பாடம் செய்தவன்தான். ஆனால் தலைவலி என்று ஒருவர் வந்து அமர்ந்ததும் நான் முதலில் கேட்பது, ‘வலி தொடங்கி முடியும் வழியை ஒரே விரலால் கோடு போட்டுக் காட்டுங்கள்’ என்பதுதான். நெற்றிப்பொட்டிலிருந்து காதின் மேலாகப் பிடரிக்கு விரல் போனால் ஒரு முடிவு. பின்னந்தலையிலிருந்து கழுத்து வழியே இறங்கினால் வேறொரு முடிவு. நெற்றியோடு நின்றுவிட்டால் மற்றொன்று. உச்சந்தலையைத் தொட்டால் இன்னொன்று. சீன மரபு உடலில் பன்னிரண்டு முதன்மைச் சக்தி ஓட்டப் பாதைகளையும், உடலின் நடுக்கோட்டில் முன்னும் பின்னுமாக ஓடும் இரண்டு பாதைகளையும் சொல்கிறது. தலையின் பக்கவாட்டில் பித்தப்பைப் பாதையும் மூவெப்ப மண்டலப் பாதையும் ஓடுகின்றன. பின்னந்தலை சிறுநீர்ப்பைப் பாதைக்கு உரியது. நெற்றி வயிற்றுப் பாதையோடு சேர்ந்தது. உச்சி கல்லீரல் பாதையோடு தொடர்புடையது. பெயர்களைக் கேட்டதும் உங்கள் பித்தப்பையில் ஏதோ கோளாறு என்று அஞ்ச வேண்டாம். இவை பாதைகளின் பெயர்கள் மட்டுமே. ஸ்கேனில் தெரியும் உறுப்பின் நிலையை இவை சொல்வதில்லை.

உங்கள் வலி வலப்பக்கத்தில் வருவதால், மரபுப்படி பயின்ற எவரும் முதலில் எண்ணுவது பித்தப்பைப் பாதையைத்தான். உங்களுக்குச் சிகிச்சை அளித்த இருவரும் அதையே எண்ணியிருப்பார்கள் என்றே ஊகிக்கிறேன். ஒருவர் அந்தப் பாதை வலிக்கும் இடத்தைக் கடக்கும் பகுதியில் ஊசி வைத்தார். மற்றவர் அதே பாதை காலில் சென்று முடியும் பகுதியிலும், தலையின் பக்கவாட்டிலேயே ஓடும் மூவெப்ப மண்டலப் பாதையின் கைப் பகுதியிலும் வைத்தார். வலிக்கும் இடத்திலோ அதற்கு அண்மையிலோ உள்ள புள்ளிகள், வலிக்கும் இடத்திலிருந்து தொலைவில் உள்ள புள்ளிகள் என்ற இந்த இரு வகைகளை எந்த விகிதத்தில் கலப்பது என்பதே எங்கள் தொழிலில் அன்றாடம் எடுக்க வேண்டிய முடிவு.

முதலாமவர் பிடரியில் வைத்தது பெரும்பாலும் பித்தப்பை 20, அதாவது பித்தப்பைப் பாதையின் இருபதாம் புள்ளியாக இருக்கும். மண்டையோட்டின் அடிவிளிம்புக்குக் கீழே, கழுத்தின் இரு பெரிய தசைகளுக்கு இடையில் விரல் அமிழும் ஒரு குழி உண்டு. அதுதான் அந்த இடம். தலைவலிக்காரர்கள் பலர் யாரும் சொல்லித்தராமலே கட்டைவிரலால் அங்கே அழுத்திக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தேர்வுக்குப் பாதைகளின் துணையின்றியே ஒரு விளக்கம் சொல்லலாம். கழுத்தின் மேற்பகுதியிலிருந்து வரும் நரம்புகளும், முகத்துக்கும் முன்தலைக்கும் உணர்வூட்டும் முக்கிளை நரம்பும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. பிடரித் தசை இறுகினால் கண்ணுக்குப் பின்னால் வலிப்பதும், பிடரியைத் தளர்த்தினால் நெற்றிப்பொட்டு இளகுவதும் இதனால்தான். ஆக, அவர் வலிக்கும் இடத்தில் கண்டபடி குத்தினார் என்று சொல்ல முடியாது.

இரண்டாமவரின் தேர்வு உங்களுக்கு விசித்திரமாகத் தோன்றியிருக்கும். தலைவலிக்குப் பாதத்தில் ஊசியா என்று கேட்காத நோயாளியே இல்லை. அவர் மணிக்கட்டின் பின்புறத்தில், ரேகையிலிருந்து ஏறத்தாழ மூன்று விரல் மேலே, இரண்டு எலும்புகளுக்கும் இடையில் ஊசி வைத்திருந்தால் அது மூவெப்ப மண்டலம் 5. பாதத்தின் மேற்புறத்தில் நான்காம், ஐந்தாம் விரல்களின் எலும்புகள் சேருமிடத்துக்கு முன்னால் வைத்திருந்தால் அது பித்தப்பை 41. பக்கவாட்டுத் தலைவலிக்கு இந்த இரண்டையும் ஜோடியாக எடுப்பது பழைய வழக்கம். பாதத்தில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் வைத்திருந்தால் அது கல்லீரல் 3. குமட்டலையும் அவர் கேட்டறிந்திருந்தால், மணிக்கட்டின் உட்புறத்தில் இரு தசைநார்களுக்கு நடுவே உள்ள இருதய மேலுறை 6 என்ற புள்ளியையும் சேர்த்திருக்கக்கூடும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலைக் குறைப்பதில் மிக அதிகமாக ஆராயப்பட்ட புள்ளி அது.

தொலைவுப் புள்ளிகளின் பழமையைக் காட்டச் சீன மாணவர்கள் இன்றும் ஒப்பிக்கும் நான்கு வரிப் பாடல் ஒன்றே போதும். வயிற்று உபாதைக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள வயிறு 36, இடுப்புக்கும் முதுகுக்கும் முழங்கால் மடிப்பில் உள்ள சிறுநீர்ப்பை 40, தலைக்கும் கழுத்துக்கும் மணிக்கட்டின் அருகே உள்ள நுரையீரல் 7, முகத்துக்கும் வாய்க்கும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே உள்ள பெருங்குடல் 4 என்று அது சொல்கிறது. நான்குமே முழங்கால் மடிப்பிலோ, முழங்கைக்கோ முழங்காலுக்கோ அப்பாலோ உள்ளவை. நரம்பியல் வழியாகப் பார்த்தாலும் இதற்கு இடமுண்டு: உடலின் ஓரிடத்தில் ஓர் அழுத்தமான தூண்டல் கிடைக்கும்போது, மூளைத்தண்டு வேறிடத்து வலிச் செய்திகளை மட்டுப்படுத்துகிறது, உடல் தானே சுரக்கும் அபினி போன்ற பொருட்களும் அதில் பங்கு கொள்கின்றன. கையும் காலும் நரம்பு முனைகள் செறிந்த பகுதிகள் என்பதால் அங்கே கிடைக்கும் தூண்டல் வலுவாக இருக்கிறது.

இவற்றுக்கு மேல் நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. எனக்கு அதுவே முதன்மையானது. ஒற்றைத் தலைவலி உச்சத்தில் இருக்கும்போது பலருக்குத் தலைமுடியைச் சீவினால்கூட வலிக்கும். தோல் அந்த அளவுக்குக் கூர்ந்த உணர்வோடு இருக்கும். அந்த நேரத்தில் நெற்றிப்பொட்டில் ஊசி வைப்பது எரிகிற அடுப்பில் விறகு வைப்பதைப் போன்றது. வலியோடு வருபவருக்கு நான் கை, கால் புள்ளிகளை மட்டுமே எடுப்பேன். வலி இல்லாத நாளில் வந்தால் பிடரியையும் சேர்ப்பேன். நீங்கள் முதலாமவரிடம் வலி இல்லாத நாளிலும் இரண்டாமவரிடம் வலியோடும் சென்றிருந்தால், இருவரும் எடுத்த முடிவையே நான் ஒருவனே இரு நாட்களில் எடுத்திருப்பேன்.

நாடி பார்ப்பதும் நாக்கைப் பார்ப்பதும் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் உங்கள் சிகிச்சையாளர்கள் அவற்றைச் செய்திருப்பார்கள். வலி எங்கே என்பதோடு, அது எப்படிப்பட்ட உடலில் வருகிறது என்பதையும் அறிய முற்படும் கட்டம் அது. உறக்கம், பசி, மாதவிடாய், கோபம், எந்தச் சூழலில் வலி கிளம்புகிறது, எதனால் தணிகிறது என்ற விவரங்களோடு நாடியையும் நாக்கையும் பொருத்திப் பார்த்து, ஒன்றிரண்டு புள்ளிகளைக் கூட்டவோ மாற்றவோ செய்வார்கள். நாடியில் மட்டுமே எல்லாம் தெரிந்துவிடும் என்று சொல்பவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒரே நோயாளியின் நாடியை அடுத்தடுத்துப் பார்த்த இருவர் ஒரே முடிவுக்கு வராமல் போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நோயாளி சொல்லும் கதையை நாடிக்கு முன்னால் வைப்பது என் வழக்கம்.

புள்ளி எது என்று முடிவான பிறகும், அது உங்கள் உடலில் துல்லியமாக எங்கே இருக்கிறது என்ற கேள்வி மீதமிருக்கிறது. இதற்கு நாங்கள் சென்டிமீட்டரைப் பயன்படுத்துவதில்லை. ‘சுன்’ என்ற அளவு நோயாளியின் உடலையே அளவுகோலாகக் கொண்டது: அவருடைய கட்டைவிரல் மூட்டின் அகலம் ஒரு சுன், நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் மூன்று சுன், முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு ரேகை வரை எவருக்கும் பன்னிரண்டு சுன். உயரமானவருக்கும் குட்டையானவருக்கும் இதனால்தான் ஒரே விதி பொருந்துகிறது. ஆனால் அளவு நம்மைப் புள்ளியின் வாசல் வரைதான் கொண்டுபோய் விடும். உள்ளே நுழைவது விரல்தான். அளந்த இடத்தைச் சுற்றி மெல்லத் தடவும்போது, ஒரு சிறு பள்ளமோ, இறுகிய நாரோ, சுற்றியிருப்பதைவிடக் குளிர்ந்த தோலோ, அழுத்தியதும் நீங்கள் முகம் சுளிக்கும் இடமோ கிடைக்கும். ஊசி அங்கேதான் போகும். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் சிமியாவ் என்ற சீன மருத்துவர், அழுத்தியதும் நோயாளி ‘ஆ, அதுதான்!’ என்று சொல்லும் இடங்களையே புள்ளிகளாகக் கொள்ளலாம் என்று எழுதினார். அவற்றுக்கு இன்றும் ‘ஆ-ஷி’ புள்ளிகள் என்றே பெயர். ஜப்பானில் இந்தத் தொடுமுறை இன்னும் ஆழமாக வேரூன்றியது. பதினேழாம் நூற்றாண்டில் அங்கே புகழ்பெற்றிருந்த சுகியாமா வாயிச்சி பார்வையற்றவர். ஊசியை உள்ளே வைத்துத் தட்டிச் செருகும் சிறு குழாயைப் பரவச் செய்தவர் அவரே. பார்வையற்றோர் பலர் இந்தத் தொழிலில் சிறந்து விளங்க முடிந்தது என்பதே, வரைபடத்தைவிட விரல் பெரிது என்பதற்குப் போதிய சான்று. என் ஆசிரியரும் முதல் மூன்று மாதங்கள் எங்கள் கையில் ஊசியைத் தரவில்லை. கண்ணைக் கட்டிவிட்டு, ஒருவர் முழங்கையை இன்னொருவர் தடவிக் கண்டுபிடிக்கச் சொல்வார். அப்போது அது விளையாட்டாகத்தான் இருந்தது.

வரைபடங்களும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. மூன்றாம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மி தொகுத்த நூலில் 349 புள்ளிகள் இருந்தன. இன்று வழங்குபவை 361. 1027இல் சீன அரசவைக்காக வாங் வெயி என்ற மருத்துவர் ஆளுயர வெண்கலச் சிலைகளில் புள்ளிகளைத் துளைகளாகக் குறித்தார். சிலையின் மேல் மெழுகு பூசி, உள்ளே நீர் நிரப்பி, மாணவன் குத்திய இடத்தில் நீர் கசிந்தால் தேர்ச்சி என்று தேர்வு நடத்தியதாகச் சொல்வார்கள். இத்தனைக்குப் பிறகும், உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியில் சீன, ஜப்பானிய, கொரிய அறிஞர்கள் கூடிப் பேசி 2008இல் பொது வரையறை வெளியானபோது, ஆறு புள்ளிகளின் இருப்பிடத்தில் ஒருமித்த கருத்துக்கு வர முடியாமல் மாற்று இடங்களையும் குறிப்பிட வேண்டியிருந்தது. உள்ளங்கையின் நடுவில் உள்ள புள்ளி அவற்றுள் ஒன்று.

ஆகவே, சிகிச்சையாளருக்குச் சிகிச்சையாளர் இடம் மாறுவது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாட்பட்ட இடுப்புவலி உள்ள ஒரே பெண்ணை ஏழு அக்குபங்சர் சிகிச்சையாளர்களிடம் இரண்டு வாரத்துக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். அவர்கள் அனைவரும் சேர்ந்து தேர்ந்த 28 புள்ளிகளில், இரண்டு பேராவது ஒத்துப்போனவை நான்கு மட்டுமே. ஊசிகளின் எண்ணிக்கையும் ஏழிலிருந்து இருபத்தாறு வரை வேறுபட்டது. இதைப் படித்தபோது எனக்கும் சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

இன்னும் சங்கடமான கேள்வி ஒன்று உண்டு. அதை நான் மறைத்தால் இந்தப் பதில் நேர்மையாக இராது. இடம் அவ்வளவு முக்கியமா? ஜெர்மனியில் ஒற்றைத் தலைவலி உள்ள 302 பேரிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினருக்கு முறையான புள்ளிகளில் ஊசி வைத்தார்கள். மற்றொரு பிரிவினருக்குப் புள்ளிகள் அல்லாத இடங்களில் மேலோட்டமாக வைத்தார்கள். மூன்றாம் பிரிவினர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தார்கள். தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் முதல் பிரிவில் 51 சதவீதம். இரண்டாம் பிரிவில் 53 சதவீதம். காத்திருந்தவர்களில் 15 சதவீதம். பின்னர் 2016இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சரியான புள்ளிகளுக்குச் சிறிதளவு மேன்மை தெரிந்தது: ஏறத்தாழ 50 சதவீதத்துக்கு எதிரே 41 சதவீதம். ஊசி வைப்பதால் கிடைக்கும் பயனில் பெரும்பகுதி, அது எந்த இடத்தில் வைக்கப்பட்டது என்பதைச் சார்ந்ததன்று என்பதே இவற்றிலிருந்து எனக்குப் புலப்படுவது. இருவரிடமும் உங்களுக்கு ஓரளவு குணம் தெரிந்ததற்கும் இதுவே விடையாக இருக்கலாம். என் சக தொழிலாளர்கள் சிலர் இதை ஏற்கமாட்டார்கள். மேலோட்டமாக வைத்தாலும் ஊசி ஊசிதான், அதை வெறும் பாவனை என்று கொள்ள முடியாது என்பது அவர்களின் வாதம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் ‘அரை அங்குலம் தவறினால் பலனே இல்லை’ என்று நோயாளியிடம் சொல்வதை நான் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன.

அரை அங்குலம் தவறினால் பலன் போகாது. ஆனால் சில இடங்களில் ஆபத்து வரும். இடத்தின் துல்லியம் மெய்யாகவே உயிர்ப்பிரச்சினையாவது அங்கேதான். உங்கள் தோளில் முதலாமவர் வைத்த ஊசி, தோள்மேட்டின் உச்சியில் உள்ள பித்தப்பை 21 ஆக இருக்கலாம். அதற்கு நேர் கீழே நுரையீரலின் மேல்நுனி இருக்கிறது. ஊசி ஆழமாகச் செங்குத்தாக இறங்கினால் நுரையீரல் உறைக்குள் காற்று புகுந்துவிடக்கூடும். பிடரிப் புள்ளியில் ஊசியின் நுனியை மூக்கின் நுனியை நோக்கி வைத்து, ஆழத்தைக் கட்டுப்படுத்தவேண்டும். உட்புறத்தில் மூளைத்தண்டும் பெரிய தமனியும் உள்ளன. கருவுற்றிருப்பவருக்குப் பெருங்குடல் 4, மண்ணீரல் 6 ஆகியவற்றை மரபு விலக்குகிறது. நிணநீர் தேங்கி வீங்கிய கையையோ காலையோ தவிர்த்துவிட்டு வேறிடம் தேடுவோம்.

இங்கேதான் உங்கள் மாத்திரை வருகிறது. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுத்துக்கொள்பவருக்கு அக்குபங்சர் கூடாது என்பதில்லை. ஆனால் ஊசியின் தடிமன், ஆழம், எண்ணிக்கை, இடம் ஆகிய நான்கையும் அது மாற்றிவிடும். உங்களுக்கென்றால் நான் மெல்லிய ஊசிகளைக் குறைவாக எடுப்பேன். கழுத்து, தோள் போன்ற இடங்களில் ஆழமாகப் போகமாட்டேன். ஊசியை மேலும் கீழும் அசைத்துத் தூண்டமாட்டேன். எடுத்த பிறகு ஒவ்வோர் இடத்தையும் வழக்கத்தைவிட நீண்ட நேரம் பஞ்சால் அழுத்திப் பிடிப்பேன். இரண்டாமவரின் ஐந்து ஊசி முறை, அவர் அறியாமலே உங்களுக்குப் பொருந்திவிட்டது. தற்செயலாகப் பொருந்தியதை நான் பாராட்ட மாட்டேன்.

எனவே அடுத்த முறை செல்லும்போது, ஊசிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே மருந்தின் பெயரையும், அண்மையில் இரத்தம் உறையும் நேரத்தை அளந்திருந்தால் அதன் முடிவையும் காட்டுங்கள். அந்த மருந்தைச் சிகிச்சைக்காக நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். ஊசிக்காக அதை நிறுத்தச் சொல்லும் சிகிச்சையாளரிடம் மீண்டும் செல்லவும் வேண்டாம். பிறகு, ஊசி வைக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ‘இது எதற்காக?’ என்று கேளுங்கள். ‘வலி ஓடும் பாதையின் கடைசிப் பகுதி’, ‘இங்கே தசை இறுகியிருக்கிறது’, ‘குமட்டலுக்காக’ என்பன போன்ற நேரான விடை வந்தால் போதும். ‘அது உங்களுக்குப் புரியாது’ என்ற விடை வந்தால், காரணம் அவருக்கே புரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு குறிப்பேட்டில் வலி வந்த நாள், எவ்வளவு நேரம் நீடித்தது, சாப்பிட்ட மாத்திரை ஆகியவற்றை எழுதி வாருங்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகளுக்குப் பிறகும் அந்த எண்ணிக்கை அசையவில்லை என்றால், புள்ளிகளை மாற்றுவதா, சிகிச்சையையே மாற்றுவதா என்று பேசுவதற்கு அந்தக் குறிப்பேடுதான் ஆதாரம்.

கடைசியாக ஒன்று. உங்கள் தலைவலி இதுவரை இருந்த விதத்திலிருந்து மாறினால், திடீரென இடி விழுந்ததுபோல் கிளம்பினால், காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தால், கை கால் தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ பார்வை மங்கினாலோ, தலையில் சிறு அடி பட்டபின் வலி தொடர்ந்தால், அக்குபங்சர் சிகிச்சையாளரிடம் வராமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். நீங்கள் எடுத்துக்கொள்ளும் மருந்து தலைக்குள் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பைக் கூட்டக்கூடியது என்பதால், மற்றவர்கள் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கக்கூடிய இடத்தில் நீங்கள் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது.